சி ப்ரோகிராம்ல நல் பாயிண்டர் க்ராஷ்: விழுந்த லைன்லேந்து தடுக்குன லைன் வரைக்கும்

சி படிக்க ஆரம்பிச்சவங்க பாயிண்டர் (மெமரில ஒரு எடத்தோட அட்ரஸ வெச்சிருக்குற வேரியபிள்) சாப்டர் தொட்ட வாரமே பாத்துடுற மெசேஜ் "செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்டு". அவ்ளோதான், எந்த லைன்னு சொல்லாது, ஏன்னும் சொல்லாது. பைத்தான்லேந்து வந்தவங்களுக்கு இது செம கடுப்பு, ஏன்னா அங்க எரர் வந்தா லைன் நம்பரோட வந்து நிக்கும். சி-ல அத நாமளே தான் புடுங்கணும். அது பத்து நிமிஷ வேலை தான், ஆனா லைன் நம்பர் கெடச்ச ஒடனே அந்த லைனுக்கு மேல ஒரு இஃப் போட்டு மூடிட்டு போயிடுறாங்க பாருங்க, அங்க தான் சிக்கலே.

போன மாசம் வில்லியனூர்லேந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி வாட்ஸ்அப்ல கேட்டான்: "அண்ணே, இஃப் போட்டேன், க்ராஷ் போயிடுச்சு, ஆனா இப்ப எந்த ஊர் பேர் குடுத்தாலும் அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லங்குதுண்ணே." அவன் ப்ரோகிராமையே எடுத்துக்குவோம், நல்ல உதாரணம்.

கடலூர்லேந்து பாண்டி போற பஸ் ரூட் ஒரு லிங்க்டு லிஸ்ட். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு வரிசையா. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு ஸ்ட்ரக்ட்: மொதல்ல பேர், 32 சைஸ் கேரக்டர் அர்ரே, அடுத்து கட்டணம், அது இன்ட், கடைசில அடுத்த ஸ்டாப்புக்கு பாயிண்டர். பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தான் இருக்கு. தமிழ்ல போட்டா யூடிஎஃப்-8ல ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் 3 பைட் போகும், கிருமாம்பாக்கம்ங்குற ஒரு பேருக்கே 45 பைட் வேணும், 32 பத்தாது, அது வேற ஒரு க்ராஷ்.

ஊர் பேர டைப் பண்ணா தேடு-ங்குற ஃபங்ஷன் லிஸ்ட்ல தேடி அந்த ஸ்டாப்போட பாயிண்டர குடுக்கும், கெடைக்கலன்னா நல் குடுக்கும். வந்தத அப்படியே காட்டு-ங்குற ஃபங்ஷனுக்கு அனுப்புனா அது கட்டணத்த பிரிண்ட் பண்ணும். தம்பி போட்ட இஃப எடுத்துட்டு கிருமாம்பாக்கம்னு குடுத்தா டமால்.

நல்னா எங்கயும் போகாத அட்ரஸ், நம்ம மெஷின்ல அது ஜீரோ. லினக்ஸ் அந்த ஜீரோ பக்கத்து மெமரிய எந்த ப்ரோகிராமுக்கும் சாதாரணமா குடுக்காது, தொட்டா கெர்னல் சிக்னல் 11 அனுப்பி ஆள காலி பண்ணிடும். க்ராஷ் ஆனதும் டெர்மினல்ல எக்கோ, ஸ்பேஸ், டாலர், கேள்விக்குறின்னு அடிச்சா 139 வரும், அதாவது 128 கூட 11. இந்த நல் ரெஃபரன்ஸ 1965ல அல்கால் டபிள்யூ மொழிக்காக கொண்டுவந்தது டோனி ஹோர், பின்னால அவரே இத தன்னோட நூறு கோடி டாலர் தப்புன்னு சொன்னாரு. சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்டெப் 1. கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதுறேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க. ஜிசிசி, மைனஸ் ஜி, மைனஸ் ஓ ஜீரோ, மைனஸ் டபிள்யூ ஆல், அப்புறம் உங்க ஃபைல் பேர். அந்த ஓ-வும் டபிள்யூ-வும் மட்டும் கேபிடல். மைனஸ் ஜி போடலன்னா டீபக்கருக்கு லைன் நம்பரே தெரியாது. மைனஸ் ஓ ஜீரோ எதுக்குன்னா, ஆப்டிமைசேஷன் ஓடுனா கம்பைலர் லைன்கள முன்னபின்ன மாத்திடும், வேரியபிள கேட்டா ஆப்டிமைஸ்டு அவுட்னு கைய விரிச்சிடும். வார்னிங் வந்தா மொதல்ல அத படிங்க, பாதி பேர் ஸ்க்ரோல் பண்ணி தாண்டிடுறாங்க.

ஸ்டெப் 2. ஜிடிபி-ல, அதான் அந்த டீபக்கர், ப்ரோகிராம தெறந்து ரன் அடிங்க. ஊர் பேர் கேக்கும், குடுங்க. க்ராஷ் ஆன எடத்துல அப்படியே நிக்கும், ஃபங்ஷன் பேர், ஃபைல் பேர், லைன் எல்லாம் காட்டும். இப்ப பிடி-ன்னு ரெண்டெழுத்து அடிங்க, பேக்ட்ரேஸ் வரும், யாரு யார கூப்ட்டாங்கன்னு கீழேந்து மேல வரைக்கும். ஃப்ரேம் 0-ங்குறது காட்டு ஃபங்ஷன், ஃப்ரேம் 1 மெயின். சில நேரம் ஃப்ரேம் 0ல நீங்க எழுதாத எஸ்டிஆர்லென் மாதிரி ஏதாவது லைப்ரரி பேர் இருக்கும், லைப்ரரில பக்னு நெனச்சு பயந்துடாதீங்க, நீங்க தான் அதுக்கு நல் குடுத்திருப்பீங்க, உங்க ஃபைல் பேர் வர்ற ஃப்ரேம் வரைக்கும் ஏறுங்க.

காட்டு ஃபங்ஷனுக்கு வர்ற பாயிண்டர் பேர் ஸ்டாப், அங்க பிரிண்ட் ஸ்டாப்னு அடிச்சா ஜீரோ எக்ஸ் ஜீரோன்னு வரும். ஆள் இவன் தான். ஒரே லைன்ல ரெண்டு மூணு அம்புக்குறி இருந்தா ஒவ்வொன்னா பிரிண்ட் பண்ணி பாருங்க, எது நல்னு ஊகத்துல விடாதீங்க.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிக்கும். ஜிடிபி இல்லாம வெளிய ஓட்டி க்ராஷ் பண்ணிட்டு, சூடோ டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி) அடிச்சு கெர்னல் மெசேஜ்ல கடைசி ரெண்டு மூணு லைன பாருங்க, ஒன்னுல செக்ஃபால்ட் அட் 20ன்னு இருக்கும். நல்னா ஜீரோ தானே, 20 எங்கேந்து வந்துச்சு? அது ஹெக்ஸ் 20, அதாவது 32. ஸ்ட்ரக்ட்ல பேருக்கு 32 பைட் போச்சு, அதுக்கப்புறம் தான் கட்டணம், ஆக ஜீரோலேந்து 32 தள்ளி படிக்க போயி மாட்டிக்கிச்சு. எந்த ஃபீல்டுன்னு வரைக்கும் அந்த ஒரு நம்பர் சொல்லிடுது. அதே லைன்ல எரர் 4ன்னு இருந்தா படிக்க போயி விழுந்தது, 6னா எழுத போயி விழுந்தது, இது இன்டெல், ஏஎம்டி மெஷின்ல. அட்ரஸ் சின்ன நம்பரா இருந்தா அனேகமா நல் ஸ்ட்ரக்ட் பாயிண்டர். பெரிய கன்னாபின்னா நம்பரா இருந்தா நல் இல்ல, ஃப்ரீ பண்ணத தொட்டிருப்பீங்க, இல்ல வேல்யூவே குடுக்காம விட்டிருப்பீங்க. ஃப்ரீ பண்ணா பாயிண்டர் தானா நல் ஆகிடாது.

ஸ்டெப் 3, இது தான் முக்கியம். விழுந்த எடம் காட்டு ஃபங்ஷன், தடுக்குன எடம் அது இல்ல. தம்பி காட்டு ஃபங்ஷனுக்குள்ள இஃப் போட்டான், அதான் எல்லா ஊரும் இல்லன்னு ஆயிடுச்சு. நல் எங்கேந்து வந்துச்சு? தேடு குடுத்துச்சு. ஏன் குடுத்துச்சு, கிருமாம்பாக்கம் தான் லிஸ்ட்ல இருக்கே? ஃப்ரேம் 1ன்னு அடிச்சு மெயினுக்கு ஏறி, பிரிண்ட் ஊர்னு அடிங்க, டைப் பண்ண பேர் இருக்குற வேரியபிள் தான் ஊர். பேருக்கு பின்னால ஒட்டிக்கிட்டு ஒரு பேக்ஸ்லாஷ் என் இருக்கும். அது என்டரோட குறி, டைப் பண்ணத படிக்கிற எஃப்கெட்ஸ் நீங்க தட்டுன என்டரையும் சேத்து தான் உள்ள வெக்கும். லிஸ்ட்ல இருக்குற பேரெல்லாம் எஃப்ஸ்கேன்எஃப்ல படிச்சது, அதுல என்டர் இல்ல. ரெண்டு பேர ஒப்பிட்டு பாக்குற எஸ்டிஆர்சிஎம்பி-க்கு ரெண்டும் வேற வேற பேர், அதனால எந்த ஊரும் எப்பவும் மேட்ச் ஆகாது. எஸ்டிஆர்சிஸ்பன் வெச்சு அந்த பேக்ஸ்லாஷ் என் எந்த எடத்துல இருக்குன்னு கண்டுபுடிச்சு அங்க ஜீரோ போட்டா முடிஞ்சுது. ஃபைல் விண்டோஸ்லேந்து வந்திருந்து அதையும் எஃப்கெட்ஸ்ல படிக்கிறீங்கன்னா பேக்ஸ்லாஷ் ஆர் ஒன்னு கூட ஒட்டியிருக்கும், அதையும் கவனிங்க.

இப்ப பாகூர்னு குடுங்க. திரும்ப க்ராஷ்! ஆனா இந்த தடவ தேடு மேல தப்பே இல்ல, பாகூர் மெயின் ரோட்டுல இல்ல, மேற்கால உள்ள போகணும், அதனால லிஸ்ட்லயும் இல்ல. இங்க நல் வர்றது சரியான பதில், இங்க தான் இஃப் போடணும், மெயின்ல, தேடு திரும்பி வந்த அடுத்த லைன்லயே. என் கணக்கு இது தான்: நல் வரலாம்ங்குற எடத்துல இஃப், வரவே கூடாதுங்குற எடத்துல அசர்ட். அசர்ட் லைன் நம்பரோட அங்கேயே நிறுத்திடும். எல்லா ஃபங்ஷன் தலையிலயும் இஃப் நல் ரிட்டர்ன்னு தெளிச்சு வெக்கிறது எனக்கு புடிக்காது, க்ராஷ் போயிடும், பக் உள்ளயே குடித்தனம் பண்ணும்.

நல் குடுக்கக்கூடிய பழக்கமான ஆளுங்க: எஃப்ஓபன், மாலாக், கெட்என்வ், எஸ்டிஆர்டோக், எஸ்டிஆர்சிஎச்ஆர், ஃபைல் முடிஞ்சப்போ எஃப்கெட்ஸ். இதுல எஃப்ஓபன் தான் பிகினர்ஸ போட்டு படுத்துறது, ஃபைல் ஒரு ஃபோல்டர்ல, ப்ரோகிராம ஓட்டுறது வேற ஃபோல்டர்லேந்து. நல் வந்தா பிஎரர் கூப்டுங்க, காரணத்த அதுவே சொல்லிடும்.

ஜிடிபி வேணாம், பிரிண்ட்எஃப் போட்டே புடிச்சிடுவேன்னு சொல்றவங்களுக்கு ஒன்னு. பிரிண்ட்எஃப் போடறது பஃபர்ல தங்கும், லைன் கடைசில பேக்ஸ்லாஷ் என் இல்லன்னா க்ராஷ்ல அது வெளிய வராமலே செத்துடும், நீங்க அதுக்கு முன்னாடியே க்ராஷ்னு தப்பான எடத்துல தேடிட்டு இருப்பீங்க. பஃபர்ல தங்காத எஸ்டிடிஎரர்ல போடுங்க.

பாயிண்டர் ஆரம்பத்துல நல்லா இருந்து நடுவுல எங்கயோ நல் ஆகுதுன்னா ஜிடிபி-ல வாட்ச் போட்டு கன்டின்யூ குடுங்க, வேல்யூ மாறுற நொடில நிக்கும், பழைய வேல்யூ புது வேல்யூ ரெண்டும் காட்டும், லூப்புக்குள்ள ஸ்டெப் ஸ்டெப்பா போறத விட எவ்ளோவோ மேல். இன்னொன்னு, கம்பைல் பண்ணும்போது மைனஸ் எஃப்சானிடைஸ் ஈக்வல் அட்ரஸ் சேத்தா க்ராஷ் ஆகும்போதே பேக்ட்ரேஸ் கொட்டும், அட்ரஸ் ஜீரோ பேஜ்ல இருக்குன்னு குறிப்பும் குடுக்கும்.

எப்பவாவது ஒரு தடவ மட்டும் க்ராஷ் ஆகி, ஜிடிபி-ல ஓட்டுனா சமத்தா ஓடுதுன்னா கோர் ஃபைல, அதாவது க்ராஷ் ஆன நேரத்து மெமரியோட காப்பிய, புடிங்க. யூலிமிட் மைனஸ் சி அன்லிமிடெட்னு அதே டெர்மினல்ல அடிச்சிட்டு ஓட்டுங்க. கோர் ஃபைல் ஃபோல்டர்ல வரலன்னா கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி-ன்னு அடிச்சு பாருங்க, சிஸ்டம்டி இருக்குற சில லினக்ஸ்ல அதுகிட்ட தான் போயிருக்கும். தெறந்ததும் அதே பிடி, அதே பிரிண்ட். நடுவுல கோட மாத்தி திரும்ப கம்பைல் மட்டும் பண்ணிடாதீங்க, பழைய கோர்ல லைன் நம்பரெல்லாம் தப்பு தப்பா காட்டும்.