கீசர் சுடவில்லையா? பாஸைக் கூப்பிட முன்னம் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள்

வெள்ளவத்தை ஃப்ளாட்டில் எங்கள் கீசர் இரண்டு தரம் சூடாக்காமல் நின்றது. முதல் தரம் வந்த பாஸ் (மின்வேலைக்காரர்), மூடியைக் கழற்றிய கையோடு “எலிமென்ட் எரிஞ்சு போச்சு” என்றார். தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கம்பியை மாற்றினோம். இரண்டாம் தரமும் அதே பேச்சு. சந்தேகம் வந்தது.

முதலில் பிரேக்கரை ஓஃப் பண்ணுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவரில் எனக்கு நம்பிக்கை இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லை என்பதை அதில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மூடியைத் திறந்து, எலிமென்டின் வயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அதன் தடையை அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் 26 ஓம் அளவில் காட்டும். 3000 வாட் என்றால் 17, 18. ஓம் அளவு காட்டாமல் OL அல்லது 1 என்று நின்றால் எரிந்துவிட்டது. எனக்கு 26.8.

அப்போ எது பழுது? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் அது கரண்டை வெட்டிவிடும். நின்றுபோவதற்கு முந்திய குளியலில் தோல் உரியும் சூடு, நான்தான் கவனிக்கவில்லை. அன்றிரவே பொத்தானை அமத்தினேன், பிடிக்கவில்லை. அதுவும் பழுது என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்தேன். தாங்கி ஆறாமல் அது பிடிக்காதாம்! விடிய, பேனா முனையால் ஒரு அமத்து: “டக்”. அவ்வளவுதான்.

ஆனால் இரண்டே நாளில் பொத்தான் திரும்பக் கரண்டை வெட்டிவிட்டது. அப்படியானால் தெர்மோஸ்டாட் சூடானதும் நிறுத்தாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டுக் கரண்டை “டைரக்டா குடுக்கலாம்” என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

கீசரைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? அது வேறு கதை. பெரும்பாலும் எலிமென்டில் மின்கசிவு, பாஸைக் கூப்பிடுங்கள். வந்து பார்க்க எவ்வளவு, அது கூலியில் கழியுமா என்று போனிலேயே கேளுங்கள். வேலை முடிந்ததும் சிங்களத்தில் “பரண எக தெண்ட” என்று பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் தரம் நான் கேட்கவில்லை.

பிற்சேர்க்கை: நீர்வெட்டுக்குப் பிறகும் இப்படி நின்றதாக இருவர் சொன்னார்கள். தாங்கி வெறுமையாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காற்றுப் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகு போடுங்கள்.