சார்ட்டில் 210/130 இருந்தும் ஐ10 தானா?

பிரஷர் 210/130, ஐவி மருந்து ஓடுகிறது, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் டாக்டர் எழுதியிருப்பதோ வெறும் 'ஹைபர்டென்ஷன்'. நோய்களுக்குக் கோடு கொடுக்கும் அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் முறையின் விதிப்படி இதற்கு ஐ10 தான், அதாவது சாதாரண ஹைபர்டென்ஷனுக்கான (உயர் ரத்த அழுத்தம்) கோடு. எண்ணைப் பார்த்து கோடர் (சார்ட்டைப் படித்துக் கோடு போடுபவர்) தானாக நோயை முடிவு செய்யக் கூடாது, டாக்டர் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

2016 அக்டோபரில், பிரஷர் அபாயகரமாக ஏறும் 'ஹைபர்டென்சிவ் கிரைசிஸ்' நிலைக்கென்று ஐ16 வரிசை வந்தது. ஐ16.0 ஹைபர்டென்சிவ் அர்ஜென்சி, ஐ16.1 எமர்ஜென்சி, வெறும் 'கிரைசிஸ்' என்று எழுதினால் ஐ16.9. பொதுவாக இரண்டிலுமே பிரஷர் 180/120-ஐத் தாண்டியிருக்கும், அதனால் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. மூளை, இதயம், சிறுநீரகம், கண் என ஏதாவது ஓர் உறுப்பு புதிதாக அடிவாங்கியிருந்தால்தான் எமர்ஜென்சி. தலைவலி மட்டும் இருந்தால் அது உறுப்புச் சேதம் ஆகாது. 'மாலிக்னன்ட்', 'ஆக்சிலரேட்டட்' என்று எழுதினாலும் ஐ10-க்குத்தான் போகும், முந்தைய பதிப்பான ஐசிடி-9 காலத்துப் பழக்கத்தில் இன்னமும் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

டாக்டர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரிதான்: 'ஹைபர்டென்சிவ் எமர்ஜென்சி, அதனால் என்செஃபலோபதி, நிகார்டிபின் ட்ரிப் தொடங்கப்பட்டது.' நோய், சேதம் (என்செஃபலோபதி, அதாவது மூளை பாதிப்பு), இரண்டுக்கும் உள்ள தொடர்பு, சிகிச்சை (பிரஷரைக் குறைக்கும் நிகார்டிபின் மருந்து) எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. அந்தச் சேதத்துக்கும் தனிக் கோடு உண்டு, இங்கே ஐ67.4.

அப்புறம், ஐ16-ஐத் தனியாக விட்டுவிடாதீர்கள். அடிப்படையில் உள்ள ஹைபர்டென்ஷனையும் சேர்க்க வேண்டும்: ஹார்ட் ஃபெயிலியர் இருந்தால் ஐ11.0, கூடவே அந்த ஃபெயிலியருக்கான ஐ50. நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் ஐ12, கூடவே அந்த நோய்க்கான என்18. இந்த இரண்டுக்கும் பிரஷருக்கும் தொடர்பு உண்டு என்றே விதி எடுத்துக்கொள்ளும், டாக்டர் 'தொடர்பில்லை' என்று எழுதினால் ஒழிய. எது முதலில் வரும் என்பது நோயாளி எதற்காக வந்தார் என்பதைப் பொறுத்தது.

சந்தேகம் இருந்தால் டாக்டருக்குக் குவரி (விளக்கம் கேட்டு எழுதும் கேள்வி) அனுப்புங்கள், ஆனால் 'எமர்ஜென்சி என்று எழுதலாமா?' என்று கேட்காதீர்கள், அது பதிலை நாமே வாயில் ஊட்டுவது. பிரஷர் அளவுகள், கிரியேட்டினின் (சிறுநீரகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிடி ரிப்போர்ட், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் வைத்து, எமர்ஜென்சி, அர்ஜென்சி, வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை என்று தேர்வுகளைக் கொடுங்கள்.

கர்ப்பிணி என்றால் முதலில் கர்ப்பம், பிரசவத்துக்கான ஓ அத்தியாயத்தைப் பாருங்கள். ஹைபர்டென்ஷன் என்றே சொல்லாமல் 'பிரஷர் அளவு கூடியிருந்தது' என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் ஆர்03.0.