காட்டோரத்தில் ஒரு காணி: கொழும்புக் குடும்பங்கள் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பிள்ளைகளோடு கூடாரம் போட, ஓடையில் குளிக்க, பறவை பார்க்க என்று அவிசாவளை, இங்கிரிய, குருவிட்ட பக்கம் காணி தேடுகிறீர்களா? வேட்டைக்கும் உதவும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே விட்டுவிடுங்கள். காணி உங்கள் பெயரில் இருந்தாலும் அதில் திரியும் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் இருப்பவை. பன்றிக்கென்று வைக்கும் கட்டுத்துவக்கும் (கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் பொறித் துவக்கு) ஹக்கபட்டாசும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். அப்படி ஏதும் வைத்திருக்கிறார்களா என்று அயலவரிடம் கேட்ட பிறகே பற்றைக்குள் காலை வையுங்கள். தேசிய ஒதுக்கம் (தேசிய பூங்கா போன்ற, வனசீவராசிகளுக்கென அரசு ஒதுக்கிய பகுதி) ஒன்றின் எல்லையிலிருந்து 1 மைலுக்குள் காணி இருந்தால், எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

அடுத்தது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இங்கேதான். அட்வான்ஸ் கொடுக்குமுன் உறுதியினதும் நில அளவைப் படத்தினதும் பிரதிகளை வாங்கி, உங்களுக்கென்று அமர்த்திய நொத்தாரிசிடம் கொடுங்கள். விற்பவரின் நொத்தாரிசே போதும் என்று புரோக்கர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டு உரித்தை, அதாவது காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதை, தேடச் சொல்லுங்கள். அடமானமும் பாகப்பிரிவினை வழக்கும் அந்தப் பதிவேட்டில்தான் தெரியவரும்.

மலிவாகக் கிடைக்கும் காணிகளில் இரண்டு வகை ஆபத்தானவை. ஒன்று, அரசு கொடுத்த அனுமதிப்பத்திர, அளிப்புப்பத்திரக் காணி. இதை விற்பவர் தன் விருப்பப்படி கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மற்றது பிரிக்கப்படாத பங்கு. உறுதியில் ‘ஆறில் ஒரு பங்கு’ என்றிருந்தால், நீங்கள் வேலி போடும் இடம் உங்களுடையது என்பதற்கு அந்த உறுதி ஆதாரமாகாது. வெளிநாட்டிலுள்ள சகோதரர் பணம் அனுப்பி அவர் பெயரிலேயே எழுதச் சொன்னால், அவருடைய குடியுரிமையை விசாரியுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.

உரித்து சரியென்றால் நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக்கற்களைப் படத்தோடு ஒப்பிடுங்கள். 1 ஏக்கர் 160 பேர்ச். பழைய வேலி படத்திலுள்ள எல்லையில் நிற்கும் என்று நம்ப வேண்டாம். பாதை அடுத்தவர் காணிக்குள்ளால் போனால், அந்த வழியுரிமை உங்கள் உறுதியில் எழுதப்பட வேண்டும். ‘இவ்வளவு நாளும் இதாலதானே போறம்’ என்ற வாய்ப்பேச்சு, பக்கத்துக் காணி கைமாறிய அன்றே செல்லாமல் போகலாம்.

காணியை இரண்டு பருவத்தில் பாருங்கள். பெப்ரவரியில் போனால் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று தெரியும். மே, ஜூன் அடைமழைக்குப் பின் போனால் ஓடை எதுவரை ஏறுகிறது, வாகனம் எங்கே புதைகிறது என்று தெரியும். சாய்ந்த மரங்கள், நிலத்தில் நீள வெடிப்பு, திடீரெனக் கலங்கிய ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் இரவு தங்கும் குடில் பற்றிப் பேசுமுன் மண்சரிவு அபாயம் உண்டா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். இரத்தினபுரி, கேகாலைச் சரிவுகளில் இது மிக அவசியம்; அரநாயக்கவில் 2016 மே மாதம் மலை சரிந்து ஊர்மனைகளே புதைந்தன. பள்ளத்து வயலை மலிவு என்று வாங்கி நிரப்ப நினைக்காதீர்கள், கமநல அபிவிருத்தித் திணைக்களம் விடாது. பலா, ஈரப்பலா மரங்களையும் அனுமதியின்றி வெட்ட முடியாது.

செலவில் முத்திரைத் தீர்வையை மறக்காதீர்கள்: முதல் 1 இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. 50 இலட்சம் மதிப்புள்ள காணிக்கு 1,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணமும் அளவைக் கூலியும் தனி. கையெழுத்தானதும் உறுதியைப் பதிவிக்கச் சொல்லி விரட்டுங்கள். அதே காணியை இன்னொருவர் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், அவருடைய உறுதிக்கே முன்னுரிமை போகும். பதிவு இலக்கமிட்ட உறுதி கைக்கு வந்த பிறகு வேலிக் கம்பி வாங்கப் போகலாம்.