நிறத்தைப் பற்றி நாம் தவறாக நினைத்துக்கொண்டிருப்பவை

இலை பச்சையாக இருக்கிறது என்று சொல்வதில் தப்பில்லை. அந்தப் பச்சை இலைக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பதுதான் தவறு. இலையிலுள்ள பச்சையம் என்ற நிறமி, மேலே விழும் ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பச்சையைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். அது விட்டுவைத்த மிச்சமே நம் கண்ணுக்கு வருகிறது. ‘நிறமி நிறத்தைத் தருகிறது’ என்று சொல்வதைவிட, வரும் ஒளியில் சிலவற்றைக் கழிக்கிறது என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கழிக்க வேண்டுமென்றால் முதலில் ஒளியில் அது இருக்க வேண்டும் அல்லவா? குறைந்த அழுத்த சோடியம் விளக்கிலிருந்து ஏறக்குறைய 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள (ஒளி அலையின் அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரம்; ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) மஞ்சள் ஒளி மட்டுமே வரும். அதன் கீழே நீலச் சட்டை கறுத்துத் தெரியும். திருப்பி அனுப்ப அங்கே நீல ஒளியே இல்லை. அதனால் ஒரே விளக்கின் கீழ் பார்த்துவிட்டுத் துணியின் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, ஒளியைக் கலப்பதையும் சாயத்தைக் கலப்பதையும் ஒன்றாக நினைப்பது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஒரே சுவரில் பாய்ச்சினால் மஞ்சள் தெரியும். அதே இரண்டையும் பெயின்டாகக் கலந்தால் அழுக்குப் பழுப்புதான் கிடைக்கும். ஒளி ஒன்றோடொன்று கூடுகிறது. சாயத்தில் அப்படி இல்லை: சிவப்புச் சாயம் பச்சையையும் நீலத்தையும் விழுங்குகிறது, பச்சைச் சாயம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்குகிறது, அப்புறம் வெளியே வர என்ன மிஞ்சும்? பிரிண்டரில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), மஞ்சள் மைகளை வைப்பதும் இதனால்தான். சயான் சிவப்பை மட்டும் எடுக்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை தப்பித்து வரும்.

‘ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம்’ என்று மனப்பாடம் செய்வதும் சரியல்ல. சுமார் 580 நானோமீட்டர் ஒளி மஞ்சளாகத் தெரிவது உண்மை. ஆனால் போன் திரையில் தெரியும் மஞ்சளில் அந்த ஒளி முக்கியமே இல்லை. சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன, அவ்வளவுதான். நம் விழித்திரையில் நிறத்தை உணர உதவும் கூம்பு செல்கள் மூன்று வகை இருக்கின்றன. அவை சுமார் 420, 530, 560 நானோமீட்டரில் உச்ச உணர்வு கொண்டவை. மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்படுகின்றன என்பதை வைத்தே மூளை நிறத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு வேறு ஒளிக்கலவைகள் ஒரே விகிதத்தைக் கொடுத்தால் நமக்கு ஒரே நிறம்தான். மெஜந்தாவுக்கோ தனி அலைநீளமே கிடையாது. வானவில்லில் தேடினாலும் அகப்படாது. இந்தக் கூம்புகளைச் ‘சிவப்பு, பச்சை, நீலக் கூம்புகள்’ என்று அழைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். 560 நானோமீட்டர் சிவப்பே அல்ல, மஞ்சள் கலந்த பச்சை!

கடைசியாக, எல்லா நிறத்துக்கும் ஒரு நிறமி இருந்தாக வேண்டும் என்ற எண்ணம். மயில் இறகின் நீலத்தில் நீல நிறமி கிடையாது. இறகுக்குள் மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமியாலான நுண்தண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளிகள்தான் நீல ஒளியைத் தேர்ந்து திருப்பி அனுப்புகின்றன. அடுக்கு சிதையும் அளவுக்கு அரைத்தால் நீலம் மறைந்து பழுப்புத் தூளே மிஞ்சும்.