பல் எடுத்த பிறகு இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் முறை

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஞானப்பல்லை அறுத்து எடுத்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்புகிறவருக்கு, உதடு மரத்திருக்கும் வரை வலி தெரியாது. அந்த மரப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் வரைதான் நிற்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், மரப்பு முழுவதும் விலகும் முன்பே முதல் வேளையை விழுங்கிவிட வேண்டும். வலி ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம்.

சேர்த்து எடுக்க வேண்டியவை ஐபுபுரோஃபென், பாராசிட்டமால் ஆகிய இரண்டும். ஐபுபுரோஃபென், காயம்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வைத் தணிக்கிறது. வழிகள் வேறாக இருப்பதால் இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளுக்கு முன்பாக இவ்வகை மருந்துகளையே பரிந்துரைக்கிறது.

வேறு நோய் இல்லாத பெரியவர் ஒருவர், ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமையும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமையும் ஒன்றாக, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். இடையில் வலி பொறுக்க முடியாவிட்டால், 4 மணி நேரம் கழித்துப் பாராசிட்டமால் 500 மட்டும் இன்னொன்று போடலாம். பாராசிட்டமால் எந்த வழியில் வந்தாலும் ஒரு நாளில் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 3000க்குள் நிறுத்துவது நல்லது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவரே அளவு சொல்ல வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மாத்திரை அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதால்தான். காம்பிஃப்ளாம் மாத்திரை ஒன்றிலேயே ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் இருக்கின்றன. அதனுடன் டோலோ 650 ஒன்றையும் மூன்று வேளை போட்டால் பாராசிட்டமால் மட்டும் 2925 ஆகிறது. சளிக்கு என்று வாங்கிய மாத்திரையில் இன்னொரு 500 இருந்து அதையும் மூன்று வேளை விழுங்கினால் 4425 ஆகி, கல்லீரலுக்கு ஆபத்தான எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம். ஸீரோடால்-பி போன்றவற்றில் உள்ள அசிக்லோஃபினாக்கும், டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரோஃபென்னின் இனத்தைச் சேர்ந்தவையே. ஒரே இனத்து மாத்திரைகள் இரண்டைச் சேர்த்தால் வலி குறைவதைவிட இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் கேடுதான் கூடும். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை அன்போடு கொடுத்தாலும், அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரைப் படிக்காமல் வாங்கி விழுங்க வேண்டாம்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், வலி மாத்திரையால் மூச்சுத்திணறல் வந்த ஆஸ்துமாக்காரர்களும், கர்ப்பிணிகளும், இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபாரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென்னைத் தொடக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் டெங்கு காய்ச்சலையும் மறந்துவிடக் கூடாது. டெங்குவில் ஐபுபுரோஃபென் இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால், காய்ச்சல் சேர்ந்துவிட்டால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மது அருந்துவதை இந்த நாட்களில் முற்றிலும் விட வேண்டும்.

வேளைகளைத் தத்தம் நாளுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். குலசேகரம் பக்கம் அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகிறவர் 4 மணி, பகல் 12 மணி, இரவு 8 மணி என்று வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஓரிரு நாள் ஓய்வெடுப்பது இன்னும் நல்லது. வெறும் வயிற்றில் போடாமலிருக்க, ஆறிய கஞ்சியோ நன்கு கனிந்த மட்டி வாழைப்பழமோ போதும். மரச்சீனிக்கிழங்கையும் மீன்குழம்பையும் சில நாள் தள்ளிவைப்பது இவ்வூர்க்காரருக்குக் கடினம்தான், ஆனால் காரமும் சூடும் காயத்துக்கு ஆகாது.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டிப் பிறகு வடியும். வலியும் அதையொட்டிக் குறைய வேண்டும். அப்படியில்லாமல் மூன்றாம் நாளுக்கு மேல் வலி கூடி, காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் வந்தால், பல் இருந்த குழியில் இரத்தக்கட்டு கழன்று எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். அப்போது மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. அறுவை செய்த மருத்துவரிடமே திரும்பிச் சென்றால், குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார்.