கம்ப்ரசர் மீட்டர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் காட்டியது: என் அனுபவம்

பட்டறையின் மின்செலவைக் கணினியில் பதிவு செய்ய, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்குத் தனியாக டிஜிட்டல் மீட்டர் வைத்தோம். 15 கிலோவாட் மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போதும் அது 5 கிலோவாட்டைத்தான் சுற்றி வந்தது.

விரிதாள் சூத்திரத்தைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. தகவல் கேபிளை மாற்றினேன். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை மீட்டர் அளக்கும்படி சிறிதாக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதமும் மீட்டரில் சரியாகவே பதிந்திருந்தது. பல நாட்கள் இப்படியே வீணாயின.

கடைசியில் மொத்த அளவை விட்டுவிட்டு, மோட்டாருக்கு மின்சாரம் தரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒவ்வொன்றின் வாட் அளவையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் கழித்தல் குறி! ஆம்பியர் திரையில் இது தெரியவே தெரியாது, அங்கே மூன்றும் சமமாகவே இருக்கும். அந்த பேஸின் டிரான்ஸ்ஃபார்மர் திசை மாறி மாட்டப்பட்டிருந்தது. இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதானே.

மின்சாரத்தை முழுதாக நிறுத்தியபின், எலக்ட்ரீஷியன் அந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மீட்டருக்குச் செல்லும் எஸ்1, எஸ்2 கம்பிகளை இடம் மாற்றினார். மின்னோட்டம் இருக்கும்போது இந்தக் கம்பிகளைக் கழற்றவே கூடாது. முனைகளில் ஆபத்தான உயர் மின்னழுத்தம் உருவாகும்.

அளவு சரியானது, பெரிய நிம்மதி. இப்போது இயந்திரங்கள் நின்றபின்னும் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் காரணமான காற்றுக்கசிவுகளை அடைக்கத் தொடங்கிவிட்டோம்.