பெயர் மறந்த சிறுகதையை இணையத்தில் தேடிப் பிடிப்பது எப்படி?

எப்போதோ படித்த கதை. தலைப்பு ஞாபகம் இல்லை, எழுதியவர் யாரென்றும் தெரியாது. கதை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. புதிதாகத் தேடுபவர்களுக்கு, மதுரையில் உட்கார்ந்து நான் தேடும் முறையைச் சொல்கிறேன்.

உடனே கூகுளுக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, உறுதியாகத் தெரிந்ததை ஒரு பக்கமும் ஊகத்தை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். எங்கே படித்தீர்கள்? வார இதழிலா, பள்ளித் துணைப்பாடத்திலா, பெரியப்பா பைண்டு பண்ணி வைத்திருந்த தொகுப்பிலா? துணைப்பாடம் என்றால் கதையைச் சுருக்கிப் போட்டிருக்கலாம், மூலத்தில் வரிகள் வேறாக இருக்கும்.

அடுத்தது தேடுசொல். வேலையில் பாதி இதுதான். "ஏழைத் தாயின் பாசக் கதை" என்று தேடிப் பயனில்லை. கதைக்குள் அந்தச் சொற்கள் இருக்கவே இருக்காது. கதாசிரியர் அச்சில் என்ன எழுதியிருப்பாரோ அதைத் தேடுங்கள். தீபாவளிச் சமயத்தில் ஏழை வீட்டுக்கு ஓர் அனாதைப் பையன் வருகிறான், அம்மா அவனைக் குளிப்பாட்டித் துண்டு கொடுக்கிறாள். இவ்வளவுதான் நினைவு என்று வையுங்கள். "தீபாவளி, துண்டு, அனாதை, சிறுகதை" என்று போடுங்கள். பையன் பெயர் ராஜா என்று ஞாபகம் வந்தால் அதையும் சேருங்கள். அது கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. வறுமையும் பாசமும் எத்தனையோ கதைகளில் உண்டு. தீபாவளித் துண்டு எத்தனை கதைகளில் வரும்?

"துண்டு" பலிக்காவிட்டால் "துண்டை", "துண்டைக்" என்று உருபு சேர்த்தும் பாருங்கள். சந்தோஷம், சந்தோசம் இரண்டையும் போடுங்கள். நம்ம பக்கத்துக் கதையென்றால் "அங்கிட்டு", "இங்கிட்டு" நல்ல துப்பு. ஒரு வரி அப்படியே நினைவிருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: சிறுகதைகள்.காம், அழியாச் சுடர்கள் என்ற வலைப்பூ, தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தளத்தின் பெயரையும் தேடுசொல்லோடு சேர்த்தால் வேண்டாதது குறையும்.

பழைய இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சொல் தேடலில் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் அதில் தடுமாறும். பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதே ஒரு சுகம்.

ஆசிரியர் பெயர் கிடைத்தும் கதை இணையத்தில் இல்லையா? மதுரை புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் அவருடைய முழுத்தொகுப்பைக் கேளுங்கள்.

கதை கையில் கிடைத்ததும் முழுக்கப் படியுங்கள். உறுதி என்று எழுதிய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பாதி பொருந்தி மீதி பொருந்தாவிட்டால், இரண்டு கதைகள் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். மீதிப் பாதியை வைத்துத் தனியாகத் தேடுங்கள்.